மோரியாபுரத்து அரைவேதக்காரி

சனிக்கிழமை வெயில் தாழ்வதற்குள் அன்னப்பழம் அம்மையார் ஆலயத்தைக் கூட்டி முடித்துவிடுவார். மோரியாபுரம் தேரிக்காட்டு ஊர். செம்மணல் காற்றோடு ஏறி வந்து, சபையாருக்கு முன்பே ஒவ்வொரு பெஞ்சிலும் இடம் பிடித்து உட்கார்ந்திருக்கும். அதைக் கூட்டித் தள்ளி, தண்ணீர் தெளித்து, பெண்கள் பக்கத்து ஓலைப்பாய்களை உதறி விரித்து, பித்தளைச் சிலுவையைப் புளி போட்டுத் துலக்கி, திருவிருந்து மேசையின் வெள்ளைத் துணியைக் கஞ்சி போட்டு மடித்து வைப்பதற்குள் இடுப்பு ஒடிந்துவிடும். இத்தனைக்கும் சபை கொடுத்த சம்பளத்தைச் சொன்னால் சொல்கிறவருக்குத்தான் வெட்கம்.

எல்லாம் முடிந்தபின் கையை நன்றாகக் கழுவி, முந்தானையில் துடைத்துக்கொண்டு வாசிப்பு மேசைக்குப் போவார். அங்கேயிருக்கும் பெரிய வேதாகமத்தில் மறுநாள் ஆராதனைக்காகப் பக்க அடையாளத்துக்கு இரண்டு நாடாக்களை வைக்கவேண்டும். முதல் பாடத்துக்கு ஒன்று. அது பழைய ஏற்பாட்டிலிருந்து, அதாவது கிறிஸ்து பிறப்பதற்கு முன்னே எபிரேயர் எழுதிவைத்த ஆகமங்களிலிருந்து வரும். இரண்டாம் பாடத்துக்கு ஒன்று; அது கிறிஸ்துவைப் பற்றிச் சொல்லும் புதிய ஏற்பாட்டிலிருந்து வரும். அம்மையார் முதல் நாடாவை வைக்கும்போது அந்தப் பக்கத்தைப் பார்க்கவே மாட்டார். விரல் தானாகப் போய் நிற்கும். அந்தப் பாதி அவருக்கு அவ்வளவு பாடம்.

பாடமானதற்குக் காரணம் பக்தி மட்டும் என்று சொன்னால் பொய். அவரிடம் இருந்தது அந்தப் பாதிதான்.

அவருடைய தகப்பனார் மாசிலாமணி பனையேறி. தாமாக எழுத்துக் கற்று, மகளுக்கும் வாசிக்க மட்டும் கற்றுக்கொடுத்தவர். அவர் இறந்தபோது விட்டுப்போனவை சில பனைகள், ஓட்டு வீடு, ஆட்டுத் தொழுவம், ஒரு வேதப்புத்தகம். ஒழுகும் ஓட்டின் கீழ் மழைக்கு மழை நனைந்து புத்தகத்தின் தையல் விட்டுப்போய், பழைய ஏற்பாடு முடிந்து புதியது தொடங்கும் இடத்தில் சரியாக இரண்டாகப் பிளந்துகிடந்தது. அன்னப்பழம் அம்மையார் அப்போது பத்தொன்பது வயதுப் பெண். கணவன் காய்ச்சலில் போய்விட, வயிற்றில் இருந்ததும் உயிரில்லாமல் பிறக்க, புகுந்த வீட்டார் துணிமூட்டையோடு பிறந்த வீட்டு வாசலில் கொண்டுவந்து விட்டிருந்தார்கள். சொத்தைப் பிரிக்க உட்கார்ந்த பெரியவர்கள், "அந்தப் பிள்ளைக்கும் ஏதாவது குடுப்பா" என்று ஒப்புக்குச் சொன்னார்கள்.

அண்ணன் சுவாமியடியான் யோசிக்கவே இல்லை. "ஆட்டுத் தொழுவம் அவளுக்கு. அப்பா புஸ்தகத்துல பாதி அவளுக்கு. அதுலயும் தடிச்ச பாதியை அவளே எடுத்துக்கிடட்டும். நான் மெலிஞ்சதை வச்சுக்கிடுதேன்" என்றார்.

வீடும் பனைகளும் யாருக்கு என்று யாரும் கேட்கவில்லை. தங்கைக்குத் தடித்த பாதியை விட்டுக்கொடுத்த அண்ணன் என்று பெரியவர்கள் அவரைப் புகழ்ந்துவிட்டு, காப்பி குடித்துவிட்டு எழுந்து போனார்கள். அன்றைக்கே ஊர் அந்தப் பெண்ணுக்கு அரைவேதக்காரி என்று பெயர் வைத்துவிட்டது.

ஆட்டுத் தொழுவத்தைக் கழுவிக் குடியேறிய அம்மையார் அந்தப் பாதியை ஆதியாகமத்திலிருந்து வாசிக்கத் தொடங்கினார். அழுதுகொண்டு வாசித்தார். வனாந்தரத்துக்குத் துரத்தப்பட்ட அடிமைப்பெண் ஆகார் அதில் இருந்தாள். பிள்ளை வேண்டி அழுது முணுமுணுத்த வாயைப் பார்த்துக் குடிவெறி என்று ஆசாரியனே ஏசிய அன்னாள் இருந்தாள். புருஷனையும் பிள்ளைகளையும் புதைத்துவிட்டு, இனி என்னைக் கசப்பு என்றே கூப்பிடுங்கள் என்று ஊராரிடம் சொன்ன நகோமி இருந்தாள். கடவுளோடு மல்லுக்கு நின்றவர்கள், ஏன் பிறந்தேன் என்று கேட்டவர்கள், பொறுத்தது போதும் என்று கத்தியவர்கள் எல்லாரும் அந்தப் புத்தகத்தில் கடவுளின் பக்கத்திலேயே இருந்தார்கள். அவர் யாரையும் வாயை மூடு என்று சொல்லவில்லை. அது அம்மையாருக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

ஆனால் அந்தப் பாதி மல்கியா தீர்க்கதரிசியின் ஆகமத்தோடு முடிந்துவிடும். ஒருவர் வருவார், காத்திருங்கள் என்று சொல்லும். திருப்பினால் அடுத்த தாள் இருக்காது, அறுந்த நூல்தான் தொங்கும். மீதியைக் கேட்கத்தான் அம்மையார் ஆலயத்துக்குப் போனார். பிறகு அங்கேயே கூட்டுகிற வேலைக்கும் சேர்ந்தார். இரண்டாம் பாடம் வாசிக்கும்போது கண்ணை மூடிக் கேட்பார். தீர்க்கதரிசி உரைத்தபடியே, வேதத்தில் எழுதியிருக்கிறபடியே என்று அந்தப் பாதி தொட்டதற்கெல்லாம் பின்னால் திரும்பிக் கை காட்டுவதை அவர் கவனித்தார். வீட்டுக்கு வந்து தம் பாதியைத் திறந்து தேடுவார். சொன்ன இடத்தில் சொன்னது இருக்கும். ஏழைப்பட்டவளுக்கு அந்த நேரத்தில் வந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்வது! வெள்ளைக்காரத் துரை வீட்டுக்கு வழி கேட்டு வந்தவன் நம் தொழுவத்து வாசலில் வந்து நின்ற மாதிரி இருந்தது.

பிற்பாடு இலவசமாகப் புதிய ஏற்பாடு கொடுக்க ஆட்கள் வந்தார்கள். அம்மையார் வாங்கவில்லை. "எனக்கு அது காதுவழியா மனசுல இருக்கு. இல்லாதவளுக்குக் குடுங்க" என்று சொல்லிவிட்டார். ஊருக்கு அதுவும் கேலிக்கு வாய்ப்பாகப் போயிற்று. குழாயடியில் பெண்கள் "யூதச்சி வாரா, வழி விடுங்க" என்பார்கள். ஏசலாகத்தான் சொன்னார்கள். அம்மையார் குடத்தை வைத்துவிட்டு, "ஆண்டவரைப் பெத்த மரியம்மாளும் யூதச்சிதான், தாயி. அந்த அம்மா நடந்த பக்கம் நானும் நடந்துட்டுப் போறேன்" என்பார். அவர்கள் வழி விடுவார்கள். ஆனால் மறுநாள் மறுபடியும் சொல்வார்கள்.

இப்படி முப்பது வருஷம் போயிற்று. ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிற்றுக்கிழமை திருவிருந்து. கிறிஸ்துவின் சரீரம் என்று அப்பமும் இரத்தம் என்று திராட்சரசமும் கொடுக்கும் அந்த ஆராதனைக்கு அம்மையார் துவைத்த சேலை உடுத்தி, கடைசி ஆளாக முழந்தாள்படியிட்டு வாங்குவார். அந்த மாதத்துக்கு அதுதான் அவருடைய சாப்பாடு என்றே சொல்லலாம். மற்றது வெறும் கஞ்சி.

அப்புறம் தேவவரம் ஐயர் குருவானவராக வந்தார்; சபையில் குருவானவரை ஐயர் என்பதுதான் வழக்கம். இளவயது, நல்ல குரல், நிறையப் படிப்பு. கெட்டவர் அல்ல, அவசரக்காரர். ஆராதனை நீளம், ஜனங்கள் கொட்டாவி விடுகிறார்கள் என்று முதல் மாதமே கண்டுபிடித்தார். சபைக் கமிட்டிச் செயலாளர் வேறு யாருமில்லை, அண்ணன் சுவாமியடியான்தான். பனைகள் தோப்பாகி, தோப்பு அரிசி ஆலையாகி, அவர் பெரிய மனிதராகியிருந்தார். இருவரும் பேசி முதல் பாடத்தை எடுத்துவிட்டார்கள். பழைய ஏற்பாடு இனி ஆராதனையில் வாசிக்கப்படாது.

அந்தச் சனிக்கிழமை, "ஒரு நாடா போதும்" என்று சொல்லியனுப்பினார்கள். அம்மையார் நாடாவைக் கையில் பிடித்துக்கொண்டே ஐயர் வீட்டுக்குப் போனார். கமிட்டியார் நாலைந்து பேரும் அங்கே இருந்தார்கள்.

"ஐயா, முதல் பாடம் ஏன் வேண்டாமுன்னு சொல்லுதீக?"

ஐயர் பொறுமையாகவே சொன்னார். "அம்மா, பழையது நிழல். கிறிஸ்து வந்தபிறகு நிழல் எதுக்கு? விடிஞ்சபிறகு யாராவது விளக்கு ஏத்துவாங்களா?"

அம்மையார் விடவில்லை. "எனக்குப் படிப்பு இல்ல ஐயா. ஒண்ணே ஒண்ணு கேக்கேன். ஆண்டவரு சின்னப் பிள்ளையா இருக்கையில மரியம்மா எந்தப் புஸ்தகத்தைச் சொல்லி வளத்தாவ? அவரு ஜெப ஆலயத்துல எந்திரிச்சு நின்னு வாசிச்சது எதை? புதுசை அப்ப யாரும் எழுதவே இல்லையே. அவரு கையில இருந்த புஸ்தகத்தைத்தானே நான் வச்சிருக்கேன்? அது அவரு ஜனத்தோட புஸ்தகம். அவிய வீட்டுலேருந்து நமக்கு வந்தது. வாங்கிக்கிட்டுப் பரண்ல தூக்கிப் போடலாமா?"

ஐயருக்கு முகம் சிவந்துவிட்டது. பதில் தெரியாததால் அல்ல, கமிட்டியாரில் ஒருவர் சிரித்துவிட்டார். கூட்டுகிறவள் கேட்டுக் குருவானவர் வாயடைத்து நின்றார் என்பது விளக்கு வைப்பதற்குள் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. இதுதான் பின்னால் வந்த எல்லாவற்றுக்கும் வேர். வேதத்தைப் பற்றிய சண்டை என்று அப்புறம் சொல்லிக்கொண்டார்கள். அது சிரிப்பைப் பற்றிய சண்டை.

கிறிஸ்து பிறப்புப் பண்டிகைக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்று. இருட்டில் நடந்த ஜனங்கள் வெளிச்சத்தைக் காண்பார்கள் என்று ஏசாயா சொல்லும் பகுதி அன்றைக்கு முதல் பாடமாக வரவேண்டியது. ஐயர் அதைத் தாண்டி நேரே இரண்டாம் பாடத்துக்குப் போனார். அம்மையார் பாயிலிருந்து எழுந்து நின்றார். எழுந்திருக்கவேண்டும் என்று வீட்டிலிருந்து நினைத்துக்கொண்டு வந்தவர் அல்ல. பசித்த பிள்ளை தன் சோற்றை யாரோ எடுத்துப் போகிறதைப் பார்த்து எழுந்த மாதிரி எழுந்துவிட்டார். அந்தப் பகுதியை மனப்பாடமாகச் சொல்லத் தொடங்கினார். இரண்டு ஆண்கள் வந்து கையைப் பிடித்து வெளியே கொண்டுபோய் விட்டார்கள். வாசல்வரைக்கும் சொல்லிக்கொண்டேதான் போனார்.

கமிட்டி கூடியது. ஆராதனை ஒழுங்கைக் குலைத்த "ஆலயம் கூட்டும் பெண்" மன்னிப்புக் கடிதம் கொடுக்கும்வரை திருவிருந்தில் பங்கு பெறக்கூடாது என்று தீர்மானம் எழுதினார்கள். பெயரைக்கூட எழுதவில்லை. தீர்மானத்தை வாசித்துக் காட்ட அண்ணன் தொழுவத்துக்கு வந்தார். முப்பது வருஷத்தில் அவர் அந்த வாசலுக்கு வந்தது அன்றைக்குத்தான்.

"ஏட்டி, நானே எழுதிக் கொண்டாந்திருக்கேன். கைநாட்டு வச்சிரு, போதும்."

"கூச்சல் போட்டேன்னு எழுதுண்ணே, வைக்கேன். வாசிச்சது தப்புன்னு எழுதியிருக்கியே. அதுக்கு எப்படி வைக்க?"

"அப்பம் வேணுமா வேண்டாமா?"

அம்மையார் அந்தத் தாளைப் பார்த்தார். பிறகு, "வேணும்" என்றார். "வேணும்ணே. ஆனா அவரு வார்த்தையைத் தப்புன்னு சொல்லிட்டு அவரு அப்பத்தைத் தின்னா தொண்டையில இறங்குமா?"

அண்ணன் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

வேலையை விட்டு மட்டும் அவரை நீக்கவில்லை. அந்தச் சம்பளத்துக்கு வேறு ஆள் கிடைக்காதே! ஆறு வருஷம் அவர் திருவிருந்து மேசைத் துணியைத் துவைத்தார். அந்த மேசையில் அவருக்கு இடமில்லை. கிண்ணத்தைத் துலக்கினார், அதில் வாய் வைக்க அனுமதியில்லை. முதல் ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லாரும் முன்னே போக, அவர் காலி பாய்களுக்கு நடுவே ஒற்றையாக உட்கார்ந்திருப்பார். திரும்பி வருகிறவர்கள் வாயைத் துடைத்துக்கொண்டே அவரைத் தாண்டிப் போவார்கள். ஒருவர், ஒரே ஒருவர் நின்று, இது என்ன அநியாயம் என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அந்த ஊரில் இதற்கு யாருக்கும் மன்னிப்பில்லை என்று சொல்ல வாய் துடிக்கிறது. ஆனால் அம்மையார் அப்படிச் சொல்லவில்லை.

அவர் கடவுளோடு சண்டை போட்டார். அதை மறைப்பானேன்? சனிக்கிழமை கூட்டி முடித்தபின், வேண்டாமென்று சொன்ன முதல் நாடாவை வழக்கமான இடத்திலேயே வைப்பார். பிறகு ஞாயிறு விட்டுப்போகப்போகிற முதல் பாடத்தை, காலி பெஞ்சுகளுக்கு முன்னால் நின்று உரக்க வாசிப்பார். வாசித்து முடித்ததும், "ஆண்டவரே, நான் செய்ய வேண்டியதைச் செஞ்சுட்டேன். நீரு என்னத்தைச் செய்தீரு?" என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்துவார். ஒரு வாரமும் பதில் வரவில்லை. அடுத்த வாரமும் வந்து வாசித்தார்.

ஆறாம் வருஷம், பெரிய வெள்ளிக்கிழமைக்கு முந்தின உபவாச நாட்களான லெந்து தொடங்கிய வாரத்தில், ஐயர் வீட்டில் இடி விழுந்தது. அவருக்கு ஒரே மகள். பதினொரு வயது. ரூத் என்று பெயர். நகோமியைக் கைவிடாமல் கூடவே நடந்த மருமகளின் பெயர் அது. பெயர் வைக்க மட்டும் அவருக்குப் பழைய புத்தகம் வேண்டியிருந்தது. அந்தப் பிள்ளை மஞ்சள் காமாலை முற்றி மூன்று நாளில் போய்விட்டது. அடக்க ஆராதனையை வேறொரு ஊர் ஐயர் வந்து நடத்தினார். எல்லாரும் போனபின் அம்மையார் ஐயர் வீட்டுப் பின்வாசலுக்குப் போய், ஐயரின் மனைவி ஐயரம்மாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். சாயந்தரம்வரை உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து வந்தார்.

பெரிய வெள்ளிக்கிழமை வந்தது. கிறிஸ்து சிலுவையில் தொங்கிய அந்த நாளில் மதியம் பன்னிரண்டு முதல் மூன்று மணிவரை மும்மணி ஆராதனை நடக்கும். சிலுவையில் அவர் பேசிய ஏழு மொழிகளை ஏழு பேர் ஒவ்வொன்றாக எடுத்துப் பேசவேண்டும். முதல் மொழி, தம்மைச் சிலுவையில் அறைந்தவர்களை மன்னிக்கும்படி அவர் பிதாவிடம் கேட்டது. அதைச் சுவாமியடியான் எடுத்துக்கொண்டார். அரைமணி நேரம் மன்னிப்பைப் பற்றி உருகி உருகிப் பேசினார். தங்கை கடைசிப் பாயில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். அந்த மனிதருக்குக் கொஞ்சமும் கூசவில்லை.

நாலாம் மொழி ஐயருடையது. தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர் என்று ஆண்டவர் கதறிய மொழி. ஐயர் ஏறி நின்றார். அந்த ஒரு வரியை வாசித்தார். எழுதி வைத்திருந்த தாளை மடித்துவிட்டார். வெயில் ஓட்டைச் சுட்டுக்கொண்டிருந்தது. முன்வரிசையில் யாரோ இருமினார்கள்.

"இதுக்கு மேல எனக்குத் தெரியல" என்றார் கடைசியில். "நானும் இதையேதான் நாப்பது நாளாக் கேட்டுட்டிருக்கேன். அவருக்கும் பதில் வரல. எனக்கும் வரல. அவ்வளவுதான்."

நிலைமையைச் சமாளிக்கச் சுவாமியடியான் எழுந்து பாட்டெடுக்கப் புத்தகத்தைப் புரட்டினார். அப்போது பின்னாலிருந்து குரல் வந்தது.

"ஐயா, அது அதோட முடியல."

எல்லாத் தலைகளும் திரும்பின. அம்மையார் எழுந்து நின்றிருந்தார். இந்தத் தடவை யாரும் போய்க் கையைப் பிடிக்கவில்லை.

"அது பழைய ஏற்பாட்டுச் சங்கீதம், ஐயா. இருபத்திரெண்டாவது. அங்கதான் அந்த வரி ஆரம்பிக்குது" என்றார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு அந்தச் சங்கீதத்தை முதலிலிருந்து சொல்லத் தொடங்கினார். கூப்பிட்டும் கேட்காத கடவுளிடம் கூப்பிடுகிறவனின் பாட்டு அது. தண்ணீராய் ஊற்றுண்டு போனேன் என்கிறான். எலும்புகள் கட்டுவிட்டன, நாக்கு மேல்வாயோடு ஒட்டிக்கொண்டது, பார்க்கிறவர்கள் தலையை ஆட்டிக் கேலி செய்கிறார்கள், என் துணிக்குச் சீட்டுப் போடுகிறார்கள் என்கிறான். சிலுவையின் கதையை வருஷாவருஷம் கேட்டிருந்த சபை, இதெல்லாம் அதற்கு எத்தனையோ காலம் முன்னே ஒருவன் அழுது வைத்தது என்று அன்றைக்குத்தான் கேட்டது. அம்மையாரின் குரல் உடைந்து உடைந்து வந்தது. நிறுத்தவில்லை. பாட்டு பாதிக்கு மேல் திரும்புகிற இடத்துக்கு வந்தார். கடவுள் சிறுமைப்பட்டவனின் துன்பத்தை அற்பமாக எண்ணவில்லை, தம் முகத்தை அவனுக்கு மறைக்கவில்லை, கூப்பிட்டபோது கேட்டார் என்று அந்தக் கதறினவனே சொல்லுகிற இடம் அது. அங்கிருந்து கடைசிவரை சொல்லி முடித்தார்.

பிறகு கண்ணைத் திறந்து ஐயரைப் பார்த்தார். "ஆண்டவருக்கு மூச்சு ஒரு வரிக்குத்தான் இருந்துச்சு, ஐயா. மரியம்மா சொல்லிக் குடுத்த பாட்டு. மீதி அவருக்குத் தெரியும். தெரிஞ்சுதான் ஆரம்பிச்சாரு. உங்க மக திரும்பி வரமாட்டா. என் பிள்ளையும் வரல. ஆனா முகத்தை மறைக்கலன்னு எழுதியிருக்கு. நானும் இன்னும் பாக்கல, காத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார். ஐயர் பிரசங்க மேடையிலேயே முழந்தாளில் விழுந்து, மகள் போன நாளிலிருந்து அழாத அழுகையை அழுதார். அன்றைக்கு ஐந்தாம் மொழியை யாரும் பேசவில்லை. மூன்று மணிவரை சபை அப்படியே இருந்தது.

மறுநாள் சனிக்கிழமை. அம்மையார் வழக்கம்போலக் கூட்டி முடித்து, காலி ஆலயத்துக்கு முதல் பாடத்தை வாசித்துக்கொண்டிருந்தார். முடித்துத் திரும்பினால் ஐயர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். எத்தனை நேரமாக என்று தெரியவில்லை.

"உங்க பேரை முழுசாச் சொல்லுங்கம்மா" என்றார்.

"என்னத்துக்கு ஐயா?"

"ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதணும்."

அம்மையாரின் முகம் கறுத்துவிட்டது. "நான் எழுதமாட்டேன், ஐயா. நேத்துப் பேசுனதுக்கும் சரி, அன்னைக்கு வாசிச்சதுக்கும் சரி."

"நீங்க எழுத வேண்டாம்" என்றார் ஐயர். "பேரை மட்டும் சொல்லுங்க."

உயிர்த்தெழுந்த பண்டிகை ஞாயிறு விடிந்தது. ஆலயம் கொள்ளாத கூட்டம். ஐயர் முதல் நாடா இருந்த பக்கத்தைத் திறந்து, ஆறு வருஷத்துக்குப் பிறகு முதல் பாடத்தைத் தாமே வாசித்தார். திருவிருந்துக்கு முன்னால் அங்கிக்குள்ளிருந்து ஒரு தாளை எடுத்தார். "மாசிலாமணி மகள் அன்னப்பழம் அம்மாளுக்கு" என்று தொடங்கினார். ஆண்டவர் தம் கையில் எடுத்து வாசித்த வேதத்தை அவருடைய ஆலயத்திலேயே தாம் மூடியதாகவும், அதைத் திறந்து வைத்தவரைப் பந்தியிலிருந்து தள்ளியதாகவும், படிப்பினால் அல்ல ஒரு சிரிப்பினால் வந்த கோபத்தினால் அதைச் செய்ததாகவும், தமக்கு மன்னிப்பு வேண்டுமென்றும் எழுதியிருந்தார். கீழே தம் பெயரைப் போட்டிருந்தார்.

சுவாமியடியான் எழுந்தார். "ஐயா, கமிட்டித் தீர்மானம் இருக்கு. கமிட்டி கூடாம அது ரத்தாகாது. முறைன்னு ஒண்ணு இருக்குல்லா?"

"சரி, அண்ணாச்சி" என்றார் ஐயர். "அப்ப அவங்களுக்கு இல்லாத அப்பம் இன்னைக்கு எனக்கும் வேண்டாம். நான் இறங்கிப் பாயில உக்காந்துக்கிடுதேன். பண்டிகைக்கு அப்பம் குடுக்க வேற குருவானவரைக் கூட்டிட்டு வாங்க."

அத்தனை கூட்டமும் சுவாமியடியானைப் பார்த்தது. நியாயம் என்று நினைத்துப் பார்த்தார்களோ, வீட்டில் கறி கொதிக்கிறதே என்று பார்த்தார்களோ, கர்த்தருக்குத்தான் தெரியும். அவர் உட்கார்ந்துவிட்டார்.

ஐயர் அப்பத்தட்டைக் கையில் எடுத்துக்கொண்டார். முன்வரிசைக்குப் போகவில்லை. நடுவழியாக நடந்து, ஆண்களையும் பெண்களையும் கமிட்டியாரையும் தாண்டி, கடைசிப் பாய்க்கு வந்து, மணல்மேல் முழந்தாள்படியிட்டு, "அன்னப்பழம்" என்று பெயர் சொல்லி அழைத்து, கிறிஸ்துவின் சரீரத்தைக் கொடுத்தார். அன்றைக்கு முன் எத்தனை வருஷமாகவோ அந்தப் பெயரை அந்த ஆலயத்தில் யாரும் உச்சரித்ததில்லை. வானம் திறக்கவில்லை, குரல் கேட்கவில்லை. ஆனால் சனிக்கிழமைதோறும் அவர் கேட்ட கேள்விக்குப் பதில் நடந்தே வந்தது என்று அம்மையார் அறிந்துகொண்டார். இரண்டு கையையும் ஏந்தி வாங்கினார். அதன்பிறகே மற்றவர்கள் பந்திக்குப் போனார்கள். அண்ணனும் போனார், வாங்கினார். தங்கையின் பக்கம் திரும்பவே இல்லை. அவர் சாகும்வரைக்கும் திரும்பவில்லை.

ஆராதனை முடிந்து வாசலில் ஐயரம்மா அம்மையாரின் கையைப் பிடித்துக்கொண்டார். "ஆறு வருஷம் எப்படிம்மா தாங்குனீங்க?"

"தாங்கல, தாயி" என்றார் அம்மையார். "ஒவ்வொரு முதல் ஞாயித்துக்கிழமையும் செத்தேன். எப்படித் தாங்குனேன்னு யாரும் சொல்லவேண்டாம். தாங்கல. விட்டுப் போகாம இருந்தேன், அவ்வளவுதான்."

ஊர் பண்டிகைச் சாப்பாட்டுக்குக் கலைந்தது. அம்மையார் உள்ளே போய்ப் பாய்களைச் சுருட்டத் தொடங்கினார். உதவிக்கு ஒருவரும் நிற்கவில்லை.

முழு வேதமும் வீட்டுக்கு வீடு வைத்திருந்தவர்கள் மறந்துபோன பிதாவின் முகத்தை, பாதி வேதத்தை மார்போடு அணைத்துத் தேடிக்கொண்டேயிருந்தவர் அன்னப்பழம் அம்மையார். அவர் கூட்டிய தரையில் முழந்தாள்படியிட நமக்குக் கிடைத்ததே பெரிய கிருபை.